வடக்குச் சுவரில் ஈரம்

டிசம்பர் 3, 2018

ரைன்ஹார்ட்டுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மாநிலக் கட்டடக்கலைப் பரிசு வாங்கியவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். மூன்று வருடமாக எழுதாதவன் இன்று எழுதுவது, நீ கட்டியிருக்கும் மழலையர் பள்ளியைப் பற்றி.

நேற்று அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தின் முதல் ஞாயிறு. ஊரே கட்டடத்தைப் பார்க்க வந்தது, நானும் வந்தேன். நீ என்னைக் கண்டதும் சூடான ஒயின் கோப்பையோடு மறுபக்கம் திரும்பிக்கொண்டாய். அது கிடக்கட்டும். வடக்கு அறையில், குழந்தைகள் மதியம் தூங்கப்போகும் அறையில், களிமண் பூச்சின்மேல் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஈரக் களிமண் வாசனைக்கு அடியில் இனிப்பாக இன்னொரு வாசனை. உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான். உள்ளே வைக்கோல் அவிகிறது.

மேயர் பின்னால் வந்து நின்று, "என்ன வாத்தியாரே, சுவருக்கு முத்தமா? வீட்ல ஆள் இல்லேன்னா இப்படித்தான் ஆகும்போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

செப்டம்பரில் அந்தப் பெருமழைக்கு மறுநாள் காலை, வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்தேன். வைக்கோல் கட்டுகளை மூடியிருந்த தார்ப்பாய் பறந்துபோய் வேலியில் தொங்கியது. வண்டியை நிறுத்தி இறங்கி இழுத்துக் கட்டினேன். உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. சாயங்காலம் திரும்பும்போது அதே அடுக்கிலிருந்து கட்டுகளை எடுத்து மரச்சட்டத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்ததைத் தள்ளிவைத்திருப்பார்கள் என்று நம்பினேன்.

அந்தச் சுவருக்கு மார்ச் வரை வெயில் கிடையாது. ஜனவரியில் பள்ளி திறக்கிறீர்கள். பூசணம் பிடித்த சுவரை ஒட்டிக் குழந்தைகளைப் படுக்கவைக்கப் போகிறீர்கள்.

இத்துடன் ஈரமானி அனுப்புகிறேன். நீளக் கம்பி வைத்தது, நாம் சேர்ந்து வேலை செய்த காலத்தில் வாங்கியது. பூச்சில் சின்னதாக ஒரு துளை போட்டு, குத்திப் பார்.

எவால்ட்

*

டிசம்பர் 7, 2018

அன்புள்ள எவால்ட்,

உன் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறேன், மன்னித்துக்கொள்.

வைக்கோல், களிமண், சுண்ணாம்பு, நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட இல்லாத அந்தச் சுவரை நீதான் யோசித்தாய், நான் திருடிப் பரிசு வாங்கினேன் என்று இந்த வட்டாரத்தில் நீ சொல்லாத சாராயக்கடை இல்லை. நல்ல சுவராக இருந்தால் உன்னுடையது, அவிகிற சுவராக இருந்தால் என்னுடையதா? ஏதாவது ஒன்றைச் சொல்.

மேஸ்திரியைக் கேட்டேன். "கட்டெல்லாம் சருகாட்டம் காஞ்சிருந்துச்சு சார்" என்றான். என் மனைவி குட்ருன் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அந்த மனுஷன் பொறாமையில வேகறார். வாசனை அங்கேருந்து வந்திருக்கும்" என்றாள். அப்படிச் சொல்லாதே என்றேன். ஆனால் சிரித்துவிட்டேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். இப்போது சுவரை உடைத்தால் திறப்பு விழா நிற்கும். "வைக்கோல் மாட்டுக்குத்தான்னு நான் அப்பவே சொன்னேன்" என்பார் மேயர். அடுத்த கட்டடம் கான்கிரீட்டுக்குப் போகும். அதற்கப்புறம் இங்கே யார் வைக்கோலில் கட்டுவார்கள்?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ரைன்ஹார்ட்

*

டிசம்பர் 11, 2018

அன்புள்ள ரைன்ஹார்ட்,

குட்ருனின் நகைச்சுவை நன்றாக இருந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு யாராவது அந்த வாசனையைச் சொல்லியிருந்தால் மறுநாள் காலையே சுவரைத் திறந்திருப்பாய். நான் சொன்னதால் திறக்கவில்லை. என் மூக்கின்மேல் உனக்குச் சந்தேகம் இல்லை, என் வாய்தான் உனக்குத் தொந்தரவு.

அதனால் எழுதித் தருகிறேன். அந்தச் சுவர் உன்னுடையது. நீ யோசித்தது, நீ வரைந்தது. அதில் எனக்குப் பங்கில்லை. இதை எந்தக் கடையிலும் உரக்கப் படித்துக் காட்டு. நான் இனி ஒருநாளும் மறுக்க மாட்டேன்.

இனி உன்னோடு எனக்கு வழக்கு இல்லை, சுவர் கெட்டால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. இனியாவது குத்திப் பார். ஈரமானியை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

எவால்ட்

*

டிசம்பர் 18, 2018

அன்புள்ள ரைன்ஹார்ட்,

பதில் இல்லை. பெட்டியும் திரும்பி வரவில்லை. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்வதா, குப்பையில் போட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொள்வதா?

தினமும் வேலைக்குப் போகும் முன் அந்த வழியாகப் போகிறேன். உறைபனி விழுந்த காலைகளில் கட்டடம் முழுக்க வெண்மை பூத்திருக்கிறது. வடக்கு ஜன்னலுக்குக் கீழே மட்டும் இல்லை. ஒரு போர்வை அகலத்துக்குக் கறுப்பாகக் கிடக்கிறது. காய்ந்த வைக்கோலாக இருந்தால் அந்த இடத்தில் அறைச் சூடு வெளியே கசியுமா? நீயே சொல்.

நேற்று அந்த அறைக்குச் சின்னச் சின்னக் கட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன். அப்புறம் ஊராட்சிக்கு எழுதுவேன். "யாரு, அந்த வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டு மூலையில் வைத்துவிடுவார்கள் என்று தெரியும். நீ சொன்னால்தான் காதில் விழும். தயவுசெய்து போய்ப் பார்.

எவால்ட்

*

டிசம்பர் 21, 2018

அன்புள்ள எவால்ட்,

நேற்று விடிந்ததும் தனியாகப் போனேன். உறைபனி பூக்காத இடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு உள்ளே போய்க் கம்பியைக் குத்தினேன். முள் எங்கே நின்றது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே சுத்தியலை எடுத்தேன். ஜன்னலுக்குக் கீழிருந்து கதவுவரை கறுப்பு. மற்றச் சுவர்களை எல்லாம் குத்திப் பார்த்துவிட்டேன். காய்ந்துதான் இருக்கின்றன.

தூசி அடங்குவதற்குள் மேயர் வந்துவிட்டார்.

"யார் சொல்லி இதை உடைச்சே?"

"எவால்ட்."

"அந்தப் பொறாமை பிடிச்சவனா?"

"அவனேதான்."

"வைக்கோல் மாட்டுக்குத்தான்னு நான் அப்பவே சொன்னேன்."

"இதை மாடுகூடத் தின்னாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திறப்பு ஈஸ்டருக்கு அப்புறம்தான். கட்டில்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கட்டடம் எனக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். குட்ருன் உனக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் கசகசா கேக் ஒன்று வைத்துக் கட்டியிருக்கிறாள்.

ஈரமானியும் இதனுடன் வருகிறது. கம்பியின் முனையைத் துடைக்கவில்லை. முகர்ந்து பார்.

சுவர் என்னுடையது என்று நீ எழுதித் தந்த கடிதத்தைக் கணப்பில் போட்டுவிட்டேன். பொய்யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை புது வைக்கோல் வருகிறது. மழையோ பனியோ வரலாம் என்கிறார்கள். தார்ப்பாயை நீ வந்து கட்டு.

ரைன்ஹார்ட்