ஓடைக்கரையில் போட்ட கிடை

ஐப்பசி 5, புதன்.

உரத்துக்காக என் ஓடைக்கரை வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தேன். முந்தாநாள் மழை அத்தனை புழுக்கையையும் ஓடையில் சேர்த்துவிட்டது. கீழத்தெருக்காரர்கள் அந்த ஓடை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கிறார்கள்.

காலையில் கீழத்தெரு செல்வி வந்தாள். "அண்ணாச்சி, ஊத்துத் தண்ணி நாறுது. பிள்ளைக்கு நேத்துலேருந்து வயித்தால போவுது."

கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு கிடைக்காரர் சுடலையைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"ஆடு என்ன செய்யும், அண்ணாச்சி? கரையில நாணல் நின்னா தடுத்திருக்கும். இப்ப மொட்டையால்லா கெடக்கு."

நாணலை வெட்டச் சொன்னது நான். பாம்பு வருகிறது என்று ஊரில் சொன்னேன். வெட்டிய கரையில் என் வயலோடு சேர்ந்து வந்தது இரண்டு பாத்தி நிலம்.

சாயங்காலம் பிள்ளையைத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். நாளை பார்க்கப் போகவேண்டும். பழம் வாங்கிக்கொள்ளலாம். செல்வியிடம் எதில் தொடங்குவது, கிடையிலா நாணலிலா என்றுதான் தெரியவில்லை.