நின்றபடி கட்டிய பூ

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் நின்றபடிதான் பூ கட்டினேன். டீக்கடை அரிகிருஷ்ணன் கேட்கிறான்: "இன்னாக்கா, ஓடறதுக்கு ரெடியாவே நிக்கற?" சிரித்து வைத்தேன். உட்கார்ந்தால் அடியில் நெருப்பு வைத்ததுபோல எரியுது என்று ஆம்பளையிடம் எப்படிச் சொல்ல?

ஜூன் 8, ஞாயிறு
என் வீட்டுக்காரர் தங்கச்சி கலைவாணி வந்தாள். "எங்கண்ணன் பொணத்துகிட்ட ஒரு நிமிஷம் உக்காந்தியா அண்ணி? ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு விருந்தாளி மாரி நின்னே." ஏழு மாசமாக இதே பேச்சு. உட்கார்ந்தா வலிக்குதுன்னு சொன்னா, எங்கன்னு கேப்பாளே?

ஜூன் 10, செவ்வாய்
பக்கத்து வீட்டு செந்தமிழ்ச்செல்வி செல்போனில் பார்த்துச் சொன்னாள், மூத்திரத்தை அடக்குற மாதிரி அடித்தசையை இறுக்கிப் பிடிக்கணுமாம். நூறு தடவை இறுக்கினேன்.

ஜூன் 14, சனி
வலி இரண்டு மடங்கு. நிற்கவும் முடியலை.

ஜூன் 18, புதன்
பெரியாஸ்பத்திரி. ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். அப்போ பொய் சொல்றேனா நான்? டாக்டரம்மா உள்ளே விரலால் ஒரு இடத்தை அழுத்தினார். கத்திவிட்டேன். "இதான். தசை இறுகிப்போய் நரம்பையும் படுத்துது. பொய் இல்லம்மா." அதற்கே அழுகை வந்தது.
ரொம்ப நாள் மூத்திரம் அடக்கினீங்களா என்றார். அடக்கினேன். என் வீட்டுக்காரர் வார்டில் கிடந்த மூன்று மாசமும். நான் எழுந்தால் மூக்கு ட்யூபைப் பிடுங்கிவிடுவார். சாயந்திரம் கலைவாணி வந்த பிறகுதான் போவேன். அதுவும் ஒரு காரணமாம்.

ஜூன் 25, புதன்
பிசியோ பொண்ணு தஹ்ஸீன், நான் இறுக்கியதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். "ஐயோ அம்மா, பூட்டின கதவுக்கு இன்னொரு பூட்டா? நீங்க தளர்த்தத்தான் கத்துக்கணும்." மல்லாந்து படுத்து, வயிறு உப்ப மூச்சு. வெந்நீர் ஒத்தடம். நரம்புக்கு மாத்திரை.

ஜூலை 20, ஞாயிறு
ஒன்றும் குறையலை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
நடுவில் ஓட்டை வைத்த மெத்தையில் உட்கார்ந்தேன். ஒரு முழம் கட்டுகிற நேரம்!

செப்டம்பர் 30, செவ்வாய்
பத்து முழம். "இன்னாக்கா, ஓட்டம் கேன்சலா?" என்கிறான் அரிகிருஷ்ணன். போடா என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு
கலைவாணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள்: "நான் வந்து பைய கீழ வெக்கறதுக்குள்ள கக்கூஸுக்கு ஓடுவியே... அதுவா அண்ணி?"
ஆமா என்றேன்.

நவம்பர் 13, வியாழன்
அவருக்கு முதல் திவசம். படத்துக்கு நானே மாலை கட்டினேன். பெண்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்தார்கள். பழக்கத்தில் நான் ஜன்னல் பக்கம் போனேன். கலைவாணி என் மெத்தையைத் தன் பக்கத்தில் போட்டுத் தட்டினாள். "இங்க வா அண்ணி."
உட்கார்ந்தேன். லேசாக உறுத்தியது, அவ்வளவுதான்.
அவருக்காக உட்கார்ந்து அழுதேன்.