பால்டின்னுக்கு சுன்னத்து

கோலா சிலாங்கூர்,
12.3.1952

அன்புள்ள சுரையாவுக்கு ஸலாம். நான் சுகம். உம்மாவின் கால்வலி குறைந்ததா?

காய்ச்சலில் மவுத்தான உன் காக்கா மதார் சாகிபுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிவிட்டோம்.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடாமலிருக்க, பால்டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டுமென்பது சர்க்கார் உத்தரவு. நம் மளிகைக் கடையில் ஒவ்வொரு டின்னையும் குத்தும்போது காக்கா, "இவன் என் மூணாவது மகன். சுன்னத்து ஆச்சு, விருந்துக்கு வாங்க!" என்பார்.

நேற்று நான் பேசாமல் குத்திக் கொடுத்தேன். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அமலதாஸ் வாங்கவில்லை.

"ஒண்ணும் சொல்லாம குடுத்தா எப்படி லா?"

சொன்னேன். கடையே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். மதினியிடம் சொல், பிள்ளைகளும் கேட்கட்டும்.

தபால்காரர் வந்துவிட்டார். ஊறுகாய் இனி ஓர் ஆளுக்கு அனுப்பினால் போதும்.

ஜெய்னுலாப்தீன்