பாபூனாப் பூவும் என் மூக்கும்

ஆடி 9, திங்கள். ஆம்பூர்.
காற்று. வெயில் கம்மி. தோல் ஷாப்பில் இரண்டாவது சுண்ணாம்புத் தொட்டி இறைத்து, தோல் முழுவதும் புரட்டிப் போட்டோம். இடுப்பு வலி.
ராஜம் இன்றும் தூங்கவில்லை. எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்து நாற்பது நாள். போன வருஷம் மூத்தவன் இவள் பக்கத்திலேயே, இவள் அசந்து தூங்கும்போதே மூச்சு நின்று போனான். அதனால் கண்ணை மூடவே பயம். இவன் மார்பில் கை வைத்தபடி உட்கார்ந்தே இருக்கிறாள். டாக்டரம்மா கொடுத்த தூக்க மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். "அத்த குட்ச்சா எழுந்துக்க மாட்டேன். புள்ளைய யாரு பாக்குறது?" பால் வற்றுகிறது. கன்னம் ஒட்டிப் போயிற்று. என்ன செய்வேன்?
வாங்க: விளக்கெண்ணெய், வசம்பு, கொடிக் கயிறு.

ஆடி 10, செவ்வாய்.
மசூதித் தெரு யூனானி வைத்தியர் ஹக்கீம் சாயபுவிடம் போனேன். தூக்கம் வரப் பாபூனாப் பூ கொடுத்தார். பாரசீகத்திலிருந்து பம்பாய் வழியாக வருகிறதாம். சாமந்தி ஜாதி. காய்ந்து, சட்டைப் பொத்தான் அளவு. கொதிநீரில் போட்டு, சாயங்கால பாங்கு சொல்லும் நேரத்தில் தலையைத் துணியால் மூடி ஆவி பிடிக்க வேண்டும். பிறகு அதே தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். பொட்டலத்தின்மேல் ஏதோ ஓதி மூன்று தரம் ஊதினார்.
"ஒங்க சாமி பேரையும் சொல்லிக்கோப்பா, பூ ஒண்ணும் கோச்சிக்காது. வாசனதான் மருந்து. வாசன போச்சுன்னா வெறும் குப்ப."
வழியில் பிரித்து மோந்தேன். வாசனையே இல்லை. மறுபடி மோந்தேன். ம்ஹூம். பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் கிழவர்! ஏமாந்தேன் என்று ராஜத்திடம் எப்படிச் சொல்வது? பரணில் செருகிவிட்டேன்.

ஆடி 12, வியாழன்.
தூறல். கிணற்றடியில் ராஜம் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். குழந்தை கையிலிருந்து நழுவியது. பக்கத்து வீட்டு மேரி பாய்ந்து பிடித்தாள். "இன்னாம்மா ராஜம், நல்ல வேள நான் இருந்தேன்!"
பொட்டலத்தோடு ஹக்கீமிடம் ஓடினேன். கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே எதையோ நீட்டினார்.
"இது இன்னா?"
ஒன்றுமில்லை என்றேன்.
"அத்தர். இது?"
ஒன்றுமில்லை.
"பெருங்காயம். எத்தினி வருஷமா தோல் ஷாப்புல?"
பதினாறு.
"அரே தோஸ்த், பூ நல்லாத்தான் கீது. ஒன் மூக்குதான் பூட்ச்சு."
ஷாப்பு நாற்றம் பழகிவிட்டது என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்! பாவி. மருந்தைப் பரணில் வைத்துவிட்டு இரண்டு நாள் அவளை வதைத்திருக்கிறேன். இன்று பாங்கு நேரம் தாண்டிவிட்டது, இனி நாளைக்குத்தான்.

ஆடி 13, வெள்ளி.
ஜும்மாவுக்காக ஷாப்பு மத்தியானத்தோடு மூடல். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். வெந்நீர். பூ. பாங்கு கேட்டது. முருகா என்றேன்.
துணிக்குள்ளிருந்து ராஜத்தின் குரல்: "இன்னாங்க இது... புள்ள உச்சி மாதிரியே வாசன அடிக்குது." அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.
குழந்தையின் உச்சிக்கு வாசனை உண்டா? எனக்குத் தெரியாது. மூத்தவனுக்கும் இருந்திருக்கும்.
கால் நனைத்தாள். "நீங்க பாத்துக்குவீங்களா? மூச்ச பாத்துக்கினே இருக்கணும்." சரி என்றேன். படுத்தாள். இரண்டு முறை கண் திறந்து பார்த்தாள். பிறகு திறக்கவில்லை.
தூங்குகிறாள்! குறட்டையோடு! கடல் தாண்டி வந்த ஒரு பிடிச் சருகு. பூவா, ஓதினதா, முருகனா? உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. கும்பிடத் தோன்றுகிறது, எதைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.
குழந்தை என் மடியில். உச்சியில் மூக்கை வைத்தேன். வாசனை இல்லை. சூடு தெரிகிறது, மூச்சு தெரிகிறது. இடது கை அவன் மார்பில், வலது கையில் பேனா.
சிணுங்குகிறான். பேனாவை வைக்கிறேன், அவள் எழுந்துவிடப் போகிறாள்.