கங்காணியின் நடைப் பரீட்சை

பங்குனி, 1962

அன்பு மகன் கந்தப்பனுக்கு உன் சித்தப்பன் எழுதுவது. அட்டைகள் குடித்தது போக மிச்சமிருக்கும் இரத்தத்தோடு நானும் உன் சித்தியும் சௌக்கியம். நீயும் சின்னராசாவும் கொழும்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகன் துணை.

நம் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணி பழனியாண்டி தன் மகள் நாகலெட்சுமிக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைக் கேள். ஓர் ஆண்பிள்ளைக்குப் பெண்மேல் ஆசை உண்டா இல்லையா என்பதை நடையிலேயே கண்டுபிடிக்கும் ஞானக்கண் தனக்கு இருப்பதாக அறிவித்து, கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவன் இடுப்பையும் மணிக்கட்டையும் நோட்டம் விட்டார். பயத்தில் ஆம்பளைகளெல்லாம் விறைத்து நடந்ததில், மலையிலிருந்து உருண்டவர்களைப் பொறுக்கவே லொறி வந்தது. முதலில் தோற்றவன் காமன் கூத்தில் ரதி வேசம் கட்டும் அழகுமுத்து. அவனுக்குப் பொம்பள நெனப்பே வராதுங்க, கைய ஆட்டுறதப் பாத்தாலே தெரியுது என்று தீர்ப்பு. அந்தக் கையைத்தான் நாகலெட்சுமி ஒரு வருடமாகப் பிடித்துக்கொண்டு திரிகிறாள் என்பது தோட்டத்து ஆடுமாடுகளுக்கும் தெரியும், ஞானக்கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்துத் தோற்றவன் உன் சித்தியின் புருசனாகிய நான். முதல் மார்க்கு யாருக்கு என்கிறாய்? உனக்குத்தானடா! பொங்கலுக்கு வந்தபோது உன் மீசையையும் நெஞ்சையும் பார்த்துச் சிங்கம் என்று முடிவு கட்டி, லயத்து வரிசை வீடுகளெல்லாம் வேடிக்கை பார்க்க வெற்றிலைத் தட்டோடு நம் வாசலில் வந்து நின்றார். எந்தப் பெண்மேலும் மனம் போகவில்லை, வாழ்ந்தால் சின்னராசாவோடுதான் என்று ஹட்டன் ஸ்டேசனில் நீ அழுதது எனக்கு மட்டுந்தானே தெரியும். சிரிப்பை அடக்கியதில் என் விலா எலும்பெல்லாம் நொறுங்கிவிட்டது. சும்மா மறுத்தால் ஊர்க்கண் உன்மேல் விழும். ஆகவே, மொதல்ல நம்ம தோட்டத்து மேனேசர் தொரைய பரீட்ச பண்ணுங்க கங்காணி, சுண்டுவெரலத் தூக்கித் தேத்தண்ணி குடிக்கிறாரு, ரோசாப்பூவக் கொஞ்சுறாரு, அவருக்கு என்னாங்க தீர்ப்பு என்று உரக்கக் கேட்டேன். தீர்ப்புச் சொன்னால் வேலை போகுமே என்று மனிதருக்கு வியர்த்துவிட்டது. அப்போது அவர் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே! ஒரு கை இடுப்பில், மறு கை கன்னத்தில், அச்சு அசல் ரதி. லயம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் பறந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே நாகலெட்சுமி முன்னால் வந்து, அழகுமுத்தத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தட்டு நேரே அவன் வீட்டுக்குப் போனது.

வைகாசியில் கல்யாணம். சின்னராசாவையும் கூட்டி வா. சித்தி ஒன்றும் கேட்கமாட்டாள், போன பொங்கலுக்கே அவனுக்கும் சேர்த்துப் பலகாரம் கட்டியவள். மீசை வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம், யாருக்காகவும் நடை பழகாதே. தோட்டத்துத் தபால் பையை நம்பாமல் நோர்வூட் தபாலாபீஸ் வரை நடந்து இதைப் போடுகிறேன், வாசித்ததும் அடுப்பில் போடு. இருவரும் நூறாண்டு நன்றாயிருங்கள். நம் ஒற்றை அறைக் காம்பராவில் உங்களுக்கு விரிக்கப் பாய் ஒன்றுதான் இருக்கிறது. தலையணை இரண்டு தைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பரீட்சையில் தோற்ற உன் சித்தப்பன்,
ஆண்டியப்பன்