கடித்துவைத்த ரொட்டி

பிப்ரவரி 6

ஆஸ்பத்திரிக் குழாயில் வெந்நீர் வரவில்லை. இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் கை கழுவிக் கழுவி விரல்கள் வெடித்துவிட்டன.

புதிதாக ஒரு அம்மாள் வந்திருக்கிறாள். ஆய்னிசா. சந்தை முனையில் ரொட்டி சுடுகிறவள். அவள் கை ரொட்டியை நானும் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். தந்தூர் அடுப்புக்குள் குனிந்து ரொட்டி தட்டும்போதே சரிந்துவிட்டாளாம். கண்ணேறு என்று அக்கம்பக்கத்தார் மூலிகைப் புகை போட்டுக்கொண்டு அரைநாளைத் தொலைத்துவிட்டார்கள். நன்றாக இருங்கள், வேறென்ன சொல்ல!

வாய் இடப்பக்கம் கோணியிருக்கிறது. இரண்டு கைகளையும் தூக்கி விட்டேன். இடது நின்றது, வலது ஈரத்துணி மாதிரி விழுந்தது.

“உங்க பேரு ஆய்னிசாவா?” என்றேன். “ஆமா” என்றாள். “உங்க பேரு சந்தனமா?” அதற்கும் ஆமா. “இப்போ கோடைக்காலமா?” ஆமா. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். அர்த்தம் இல்லாத சொல்.

நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். இருமலே இல்லை. ஆனால் “ஆமா” சொல்லும்போது குரல் தொண்டையில் நீர் தேங்கியதுபோல் களகளவென்றது. புரையேறி இருமுகிறவர்களைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராமல் சும்மா கிடக்கிறவர்களைப் பார்த்தால்தான் பயம்.

எர்கஷ் டாக்டர் மூக்குவழிக் குழாய் போட்டார். வாயில் எதுவும் தரக்கூடாது என்று தலைமாட்டில் எழுதி ஒட்டினேன்.

பிப்ரவரி 8

பார்க்க வருகிறவர்கள் படை. ஒவ்வொரு கையிலும் ஒரு தூக்கு. ஆட்டுச் சூப்பு, மாதுளைச் சாறு, திரட்டுப்பால். நோயாளி வாயில் ஒரு வாய் போடாமல் திரும்பிப் போனால் சாபம் கொடுத்ததுபோல் ஆகிவிடும் நம் ஊரில். நான் வாசலில் நின்று தடுத்தேன். குழாய் வழியாகக் கஞ்சி போகிறது, பசி தெரியாது என்று எத்தனை முறைதான் சொல்வது?

“பட்டினி போட்டே கொன்னுடுவா இவ” என்று ஒரு பக்கத்துவீட்டுக்காரி என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். சொல்லட்டும்.

புரட்டிப் படுக்கவைத்தேன், வாயைத் துடைத்தேன், குதிகாலுக்கு அடியில் தலையணை செருகினேன். யாரோ ஒரு மகராசி வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கப் பார்த்தாள், தோள் கழன்றிருக்கும். நன்றாகத் திட்டினேன்.

பிப்ரவரி 10

வலது கால் கட்டைவிரல் அசைந்தது! எச்சிலைத் தானாக விழுங்குகிறாள். டாக்டரிடம் சொன்னேன். இப்படியே போனால் இந்த மாதத்துக்குள் கூழ் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். பொறுமையாக இருந்தால் பிழைத்துக்கொள்வாள்.

பிப்ரவரி 12

மகன் வந்துவிட்டான். தவ்லத்யார். ரஷ்யாவில் கட்டட வேலை. ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய், சுவரில் தொங்கிய ரொட்டியைத் துணியோடு எடுத்துக்கொண்டு நேரே இங்கே.

மீதியைத் தின்னத் திரும்பி வர வேண்டும் என்று, அவன் புறப்பட்ட அன்று ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி. அவள் சுட்டது. கல்லாகியிருந்தது, ஓரத்தில் அவன் பல் பதிந்த வளைவு அப்படியே. வந்தவன் மீதியைத் தின்ன வேண்டும், தாயும் அதில் ஒரு துண்டு வாயில் போட வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மகன் சர்வர் கடித்துவிட்டுப் போனதும் சமையலறை ஆணியில்தான் தொங்குகிறது. அவனும் அந்தப் பனித் தேசத்தில்தான்.

ஆனாலும் கூடாது என்றேன்.

“ஒரே ஒரு துண்டுதான், அக்கா. டீயில ஊறவச்சு… வேணுமாம்மான்னு கேட்டேன், ஆமாங்கறாங்க.”

“எதுக்கும் ஆமாதான்பா சொல்லுவாங்க” என்றேன். நம்பவில்லை. அவன் கண்முன்னாலேயே அவளிடம் கேட்டேன்: “நான் உங்க பையனா?” ஆமா என்றாள். அவன் சிரிக்கவில்லை. ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரி 13

அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு. போய்விட்டு வருவதற்குள்…

ஆய்னிசாவின் வாய்க்குள், செத்த பக்கக் கன்னத்தில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது. விரலால் வழித்தேன், இன்னும் வந்தது. பிறகு இன்னும். “இருமவே இல்லக்கா, நல்லா முழுங்கினாங்க” என்கிறான். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்!

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். உறிஞ்சும் கருவியைக் கொண்டுவந்து எடுக்க முடிந்ததை எடுத்தோம். உள்ளே போனது போனதுதான்.

பிப்ரவரி 14

காய்ச்சல். மூச்சு வாங்குகிறது.

பிப்ரவரி 17

ஆய்னிசா காலையில் போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று டாக்டர் மகனிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

தவ்லத்யார் என்னைத் தேடிக்கொண்டு துணி மாற்றும் அறை வாசலுக்கு வந்தான். “ஹுரியத் அக்கா, அந்த ரொட்டியினாலயா?”

என் வாய் எதற்கும் அஞ்சாது, ஊருக்கே தெரியும். ஆனால் அந்த நேரம் என் வீட்டு ஆணிதான் கண்ணில் நின்றது.

“இல்லப்பா. அவங்க விதி அவ்வளவுதான். உன்னைப் பாத்துட்டு நிம்மதியாப் போனாங்க.”

என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மத்தியானத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மார்ச் 3

சந்தையில் வெங்காயம் வாங்கும்போது காதில் விழுகிறது. மகன் கையால் ரொட்டி தின்ற பிறகுதான் ஆய்னிசாவின் உயிர் பிரிந்ததாம். என்ன கொடுத்துவைத்த சாவு! நர்ஸே சொன்னாளாம். நான் வெங்காயத்தை வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 9

பயந்தது நடந்துவிட்டது.

ஆய்னிசா கிடந்த அதே கட்டிலில் இப்போது மமாஜான், வண்டியோட்டுகிற கிழவர். இடப்பக்கம் விழுந்துவிட்டது, கரண்டித் தண்ணீருக்கே குரல் களகளக்கிறது. படுக்கை மாற்றும்போது தலையணைக்கு அடியில் கை இடித்தது. துணிப் பொட்டலம். உள்ளே கடித்த ரொட்டி. பக்கத்து மேசையில் டீக் கிண்ணம்.

மகள் ராபியா ஒளிக்கக்கூட இல்லை. “அண்ணன் நாளைக்கு ரஷ்யாலேர்ந்து வர்றாரு. ஆய்னிசா அத்தைக்குக் குடுத்த மாதிரி அப்பாவுக்கும் ஒரு துண்டு குடுத்துடுவோம். நீங்களே நல்லதுன்னு சொன்னீங்களாமே.”

அது பொய் என்றேன். அந்த ரொட்டிதான் அவளைக் கொன்றது என்றேன். ரொட்டியைத் தடுக்கத்தான் நான் கதை கட்டுகிறேன் என்று அவள் முகம் சொன்னது. “பெத்த மகனே சொல்றானே, அவனுக்குத் தெரியாதா?” என்றாள்.

அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான், பாவி. ரொட்டியைப் பிடுங்கி என் அலமாரியில் பூட்டினேன். நாளைக்கு இன்னொன்று வரும்.

மார்ச் 9, மாலை

வேலை முடிந்ததும் தவ்லத்யார் வீட்டுக்குப் போனேன். அவன் அத்தை டீ ஊற்றினாள். நான் குடிக்கவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன்: துணுக்கு மூச்சுக்குழாயில் இறங்கியது, நெஞ்சு சீழ்பிடித்தது, அன்றைக்கு நான் பொய் சொன்னேன், இப்போது அதே கட்டிலில் இன்னொரு உயிர்.

தவ்லத்யார் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்: “இருமியிருந்தா நிறுத்தியிருப்பேனேக்கா. ஏன் இருமல?”

எனக்குத் தெரியும், அவள் தொண்டையிலும் உணர்வு செத்திருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 10

காலையில் ராபியாவும் அவள் அண்ணனும் வெறுங்கையோடு வந்தார்கள். நேற்றிரவு தவ்லத்யார் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் நின்றபடியே, “எங்கம்மாவ நான்தான் கொன்னேன். நீங்க குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டானாம். ராபியா அழுதாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 19

மமாஜானுக்கு இன்று கெட்டிக் கூழ் கொடுத்துப் பார்த்தோம். கால் கரண்டிதான். முகவாயைத் தாழ்த்தி விழுங்கினார். குரல் தெளிவாக இருந்தது. இரண்டாவது வாய்க்குக் கையை நீட்டி என்னைத் திட்டவும் திட்டினார்.

திரும்பும் வழியில் தவ்லத்யாரின் அத்தையைப் பார்த்தேன். அவன் முந்தாநாள் ரஷ்யாவுக்குக் கிளம்பிவிட்டான். இவள் புதிதாகச் சுட்ட ரொட்டியை வாசலில் நீட்டியிருக்கிறாள். கையில் வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கடிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினானாம்.

அந்த வீட்டுச் சுவரில் இப்போது வெறும் ஆணிதான்.