மரண உதவிச் சங்கம் சோலார் கேட்கிறது

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. சந்தைப் பக்கம் தெருக் கூட்டி முடித்து, சீருடையோடேயே நகரசபைக் கந்தோருக்கு. எங்கள் லயத்துக் கூரையில் சோலார் போட அனுமதி கேட்டு. பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம், ஒரே நீளக் கூரை. தகடுகள் பொது, கறண்டு சம பங்கு.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் (இனி தொ.உ.) விண்ணப்பத் தலைப்பைப் பார்த்துச் சிரித்தார். "மரண உதவிச் சங்கமா? செத்தவங்களுக்கு எதுக்கு சோலார்?"

சிரிக்கட்டும். பதிவு செய்த சங்கம் எங்களிடம் இது ஒன்றுதான். சாவு விழுந்தால் கூடாரம், கதிரை, லைட் கொடுப்போம். நான்தான் செயலாளர். சங்க விதிகள் எழுதிய யாப்பை எடுத்து நீட்டினேன். அதில் மூன்றாம் நோக்கம்: அங்கத்தவர் வீட்டுக்கு வெளிச்சம் வழங்குதல். எந்த வீட்டுக்கு, எப்போது என்று எழுத அன்று எவருக்கும் தோன்றவில்லை. நல்லதாகப் போயிற்று.

கேட்டவை:
1. கூரை வரைபடம்
2. பாரம் தாங்கும் என்று பொறியியலாளர் கடிதம்
3. பங்காளர் பட்டியல், எல்லோர் கையொப்பமும்
4. கட்டட உரிமையாளர் சம்மதம்

நான்காவதுதான் சனியன். கட்டடம் சபையுடையது. விண்ணப்பம் கொடுப்பதும் சபைக்கே. யார் கையொப்பம் வைப்பார்கள் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதும்மா." அனுமதி கொடுக்கும் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. தவறினால் அடுத்த வருடம்தானாம்.

மார்ச் 4, செவ்வாய்

விளக்குமாறு பிடி உடைந்தது. புதிது கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

பின்னேரம் லயத்து வாசலில் கூட்டம். மாணிக்கம் அண்ணன் ஆரம்பித்தார். "கடைசிக் காம்பரா மேல பலாமர நெழலு. அங்க தகடே போட முடியாது. அதுக்கு என்னாத்துக்குப் பங்கு?" கடைசிக் காம்பரா ராசாத்தியுடையது. பாவம், எழுந்து போகப் பார்த்தாள்.

எனக்கு ஆத்திரம். "சாவு வீட்டுக்குக் கதிரை குடுக்கறப்ப எந்தக் காம்பரான்னு பாத்தா குடுக்கறோம்ணே?"

பட்டியலை நீட்டினேன். பன்னிரண்டு கையொப்பம். மாணிக்கம் அண்ணனும் வைத்தார், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

மார்ச் 5, புதன்

சோலார் கடைப் பொறியியலாளர் ஏறிப் பார்த்தார். தகரம் தாங்கும் என்று கடிதம் எழுதித் தந்தார். மூன்று மரச்சட்டம் உக்கிவிட்டது, மாற்ற வேண்டும். மாற்றுவோம்.

பழைய வரைபடம் இருக்குமா என்று சங்கப் பெட்டியைக் கிளறினேன். வரைபடம் இல்லை. சபையிலிருந்து வந்த பழைய கடிதம் ஒன்று. புயலில் பாதிக் கூரை பறந்த வருடம், தகரம் கேட்டு நாங்கள் எழுதியதற்குப் பதில். அன்று தகரம் வரவில்லை. சாவுக் கூடாரத் துணியைக் கூரையில் கட்டி அதற்குக் கீழே சமைத்தோம், தூங்கினோம். அப்போது ராசாத்தியின் மகள் பிறந்து பத்து நாள்.

இரண்டு தரம் படித்தேன். பைக்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வரைபடம் நானே கீறினேன். அடிமட்டம், பென்சில். பலாமரத்தையும் போட்டேன். தங்கச்சி எல்கடுவயிலிருந்து போன். அவர்கள் தேயிலைத் தோட்டத்திலும் இதே கேள்விதானாம், கூரை யாருடையது என்று. பருப்பு கருகிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

சீருடையோடேயே போனேன், வேண்டுமென்றே. ஐந்து பேர் மேசையில். மின்விசிறிக் காற்று அவர்கள் பக்கம் மட்டும்.

முதல் மூன்றும் சரி என்றார்கள். தலைவர் சிங்களத்தில், நல்ல மரியாதையாகத்தான்: "உரிமையாளர் சம்மதம் இல்லையே அம்மா."

சபையின் பழைய கடிதத்தை எடுத்தேன். சிங்களத்திலேயே, சத்தமாக வாசித்தேன். 'மேற்படி லயத்தின் கூரை குடியிருப்போரின் பொறுப்பு. அதன் மேல் அவர்கள் செய்யும் வேலைக்குச் சபையின் சம்மதம் தேவையில்லை.' கீழே கையொப்பம், சீல்.

தலைவரைப் பார்த்துக் கேட்டேன்: "மழைக்கு எங்க கூரை. வெயிலுக்கு மட்டும் ஒங்க கூரையா மாத்தயா?"

 

 தொ.உ. இன்று சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி சீலை விரலால் தடவிப் பார்த்தார். "இது நம்ம சீல்தான் சேர்."

அனுமதி எழுதினார்கள். மரச்சட்டம் மாற்றிய பிறகு வேலை தொடங்கலாம்.

அந்தக் கடிதத்தைத் தங்கள் கோப்பில் வைக்கக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. நகல் எடுக்கும் மெஷின் வரை நானே கொண்டுபோய், நானே வைத்து, நானே திரும்ப எடுத்தேன்.